மந்திரி உடும்பும் மூன்று கால்தடங்களும்

உடும்பு மந்திரியாகி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காட்டின் நடுவில் ஒரு ஏரி. அடியில் ஊற்று இருந்ததால் எந்தக் கோடையிலும் வற்றாது. காட்டைச் சுற்றி முள்வேலி. வேலிக்கு ஒரே ஒரு வாசல். வெளியே வெயில் ஏற ஏற, எங்கிருந்தாவது யாராவது அந்த வாசலுக்கு வந்து நிற்பார்கள். அவர்களில் யார் உள்ளே வரலாம், யார் இங்கேயே தங்கிவிடலாம் என்று சொல்வதற்கு ஒரு மந்திரி. குடியேற்ற மந்திரி. வேலை அவ்வளவுதான். சரி என்று சொல்ல வேண்டும், அல்லது முடியாது என்று சொல்ல வேண்டும்.

முன்னால் அந்த இடத்தில் ஒரு கரடி இருந்தது. அது எல்லோரையும் "பாவம், வரட்டும்" என்று விட்டுவிடும். அப்படித்தான் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டத்தை விட்டது. பன்றிகள் ஒரே வாரத்தில் கிழங்குக் காட்டையே கிளறிப் போட்டுவிட்டன. ராஜா கொம்பையன் எல்லோர் முன்னாலும் கரடியை நிற்கவைத்துத் திட்டி, பதவியைப் பிடுங்கிக்கொண்டது. கொம்பையன் ஒரு காட்டெருது. இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது.

"பிடித்தால் விடாத ஆள் ஒருத்தன் வேணும்!" என்று கத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தது ராஜா. உடும்பு ஒரு பாறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரடிக்கு நடந்ததைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கியது தெரியவில்லை. பிடித்தது தெரிந்தது.

"நீதான் மந்திரி!" என்றது ராஜா.

அன்றைக்கே உடும்பு மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டது. 'யார் வந்தாலும் வரட்டும், போனாலும் போகட்டும். என் மேல் பழி வரக் கூடாது.'

முதல் எட்டு நாளும் உட்கார்ந்து ஒரு விதி செய்தது. உள்ளே வர நினைப்பவர்கள் வாசலுக்கு வெளியே ஈரக் களிமண்ணை வில்லையாகத் தட்டி, அதில் கால் வைத்து அழுத்த வேண்டும். வில்லை மூன்று நாள் வெயிலில் காய வேண்டும். காய்ந்த பிறகு, அதே காலை அதே தடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சரியாக உட்கார்ந்தால் உள்ளே. உட்காராவிட்டால் அது வேறு யாரோ வைத்த தடம், அதாவது ஏமாற்று.

"எதுக்கு மூணு நாள்?" என்று மைனா கேட்டது. மைனாதான் அந்த அலுவலகத்தின் குமாஸ்தா. நான்கு மந்திரிகளைப் பார்த்துவிட்டது. யாருக்கும் பயப்படாது.

"ஈரத்துல யார் வேணும்னாலும் அழுத்தி, இழுத்து, மாத்திடலாம், மைனாம்மா. காய்ஞ்சாத்தான் தடம் மாறாது!"

"அப்புறம், வெளியே நிக்கிறவங்களுக்குத் தண்ணி? கரடி ஐயா காலத்துல சுரைக்குடுக்கையில கொண்டுபோய்க் கொடுப்போம்."

உடும்பின் நாக்கு வெளியே வந்து உள்ளே போனது. பயம் வந்தால் அதற்கு அப்படித்தான். "வேண்டாம், வேண்டாம்! நம்ம தண்ணியைக் குடிச்சுட்டா நாமளே அனுமதிச்ச மாதிரி ஆயிடும். முடிவு சொல்ற வரைக்கும் உள்ளேயிருந்து ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. எழுதிக்கோ!"

மைனா எழுதிக்கொண்டது. உடும்பு தானே ஒரு வில்லை தட்டி, தன் முன்னங்காலை அழுத்தி, 'மாதிரி' என்று வாசல் மரத்தடியில் காய வைத்தது. அதைப் பார்க்கப் பார்க்க அதற்கே பெருமையாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் நீர்நாய் வந்தது.

அதன் பெயர் அயிரை. கூடவே இரண்டு குட்டிகள். பெரியவள் கெண்டை, சின்னவன் கெளுத்தி. நீர்நாய்கள் பிள்ளைகளுக்கு மீன் பெயர்தான் வைக்கும். அவை இருந்த ஆறு மணலாகிவிட்டது. இரண்டு நாள் நடந்து வந்திருந்தன. நீர்நாய்க்கு நடை சரிப்படாது. மூன்றுக்கும் பாதம் வெடித்திருந்தது.

வாசலில் காவலுக்கு ஒரு முள்ளம்பன்றி நின்றது.

"அண்ணே, உள்ளே போகலாமா?" என்றது அயிரை.

"நான் யாரும்மா அதைச் சொல்ல? மந்திரி சொல்லணும். உக்காரு."

"தண்ணி?"

முள்ளம்பன்றி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. "அங்கே பாரு, அந்தப் பாறைக் குழியில கொஞ்சம் கிடக்கு. போன மழையோடது. அதைக் குடிச்சுக்கோ. உள்ளேயிருந்து கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

குழியில் தண்ணீர் குட்டிகளின் வயிறு உயரத்துக்கு இருந்தது. மூன்றும் குடித்தன. கெளுத்தி அதற்குள்ளேயே குதித்து உருளப் பார்த்தான். அயிரை அவன் கழுத்தைக் கவ்வி வெளியே தூக்கிப் போட்டது.

"இது குளிக்கிற தண்ணி இல்லைடா!"

"அப்போ குளிக்கிற தண்ணி எங்கே?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஏரியில் கொக்குகள் இறங்கும் சத்தம் கேட்டது. தளக், தளக்.

"கேட்குதா? அங்கே," என்றது அயிரை.

அதற்குள் உடும்பு வந்துவிட்டது. வந்ததும் விதியை ஒப்பித்தது. அயிரை பொறுமையாகக் கேட்டது. கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"ஐயா, ஈரக் களிமண்ணுக்கு நான் எங்கே போவேன்? தண்ணி இல்லாமத்தானே இங்கே வந்திருக்கேன்?"

உடும்பு சுற்றிலும் பார்த்தது. வேலிக்கு வெளியே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இதை அது யோசிக்கவே இல்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து விதி செய்தால் மண் எப்போதும் ஈரமாகத்தான் தெரியும்.

"உள்ளேயிருந்து ஒரு பிடி சேறு கொடுத்தாப் போதும்," என்றது முள்ளம்பன்றி.

"சேத்துல தண்ணி இருக்கே!" என்று பதறியது உடும்பு. "ஒரு சொட்டுகூடப் போகக் கூடாதுன்னு எழுதியாச்சே!"

"எழுதினது நீங்கதானே? அடிச்சுட்டா என்ன?" என்றது மைனா.

"இன்னைக்கு ஒண்ணை அடிச்சா, நாளைக்கு வர்றவன் 'அவளுக்கு மட்டும் ஏன்'னு கேட்பான். ராஜா காதுக்குப் போகும். வேண்டாம். அந்தம்மா எப்படியாவது பார்த்துக்கட்டும்."

அயிரை குழியைப் பார்த்தது. குட்டிகளைப் பார்த்தது. முள்ளம்பன்றி மெதுவாகச் சொன்னது:

"தங்கச்சி, மேற்கே மூணு மேடு தாண்டி ஒரு மடு இருக்கு. ஆழமான மடு. வத்தாதுன்னு சொல்லுவாங்க. ஒரு பகல் நடக்கணும். இவங்க வேலைக்கு ஆக மாட்டாங்க. இப்பவே கிளம்பிடேன்."

"ஒரு பகலா? பிள்ளைங்க பாதத்தைப் பாருங்கண்ணே." அயிரை உடும்பு பக்கம் திரும்பியது. "ஐயா, தடம் வெச்சா நிச்சயம் விடுவீங்களா? இல்லை, எங்களுக்கு இங்கே வழி கிடையாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் நடந்துடுறேன்."

அந்த ஒரு கணத்தில் உடும்பு சொல்லியிருக்கலாம். எதையாவது சொல்லியிருக்கலாம். 'வா' என்று சொன்னால், பன்றி மாதிரி ஆகிவிட்டால்? 'போ' என்று சொன்னால், கல்நெஞ்சக்காரன் என்று காடே பேசினால்? நாக்கு வெளியே வந்து உள்ளே போனது.

"விதிப்படி வைங்க. பார்ப்போம்," என்றது.

பார்ப்போம்! அயிரை அதை 'சரி' என்று எடுத்துக்கொண்டது. பயத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

குழித் தண்ணீரை வாயில் மொண்டு மொண்டு வந்து வெடித்த மண்ணில் துப்பியது. பிசைந்தது. மறுபடி மொண்டது. மூன்று வில்லை தட்டுவதற்குள் குழியில் பாதித் தண்ணீர் போய்விட்டது. கெண்டை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கெளுத்திக்கு மட்டும் இது ஏதோ விளையாட்டு. காலை அழுத்தச் சொன்னதும் இரண்டு தரம் அழுத்திவிட்டான். அந்த வில்லையைக் கலைத்து, இன்னும் ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றி, மறுபடி தட்ட வேண்டியிருந்தது.

அதன் பிறகு மூன்று நாள் காத்திருந்தன.

வெயில் வில்லைகளையும் காய வைத்தது, குழியையும் காய வைத்தது. முதல் நாள் குட்டிகளின் வயிறு வரை இருந்த தண்ணீர், மூன்றாம் நாள் விரல் நனையும் அளவுக்கு வந்துவிட்டது. அயிரை தான் குடிப்பதை நிறுத்திக்கொண்டது. "எனக்குத் தாகமே எடுக்கலை," என்று குட்டிகளிடம் சொன்னது. கெண்டை நம்பவில்லை. அவளும் "எனக்கும்தான்," என்றாள். அயிரை அவளை ஒரு அறை விட்டுக் குடிக்க வைத்தது.

மைனா பொறுக்க முடியாமல் ஏரியில் அலகை முக்கிக்கொண்டு வேலிக்கு மேலே பறந்து வந்து, கெளுத்தி வாயில் விட்டது. மைனாவின் அலகில் எவ்வளவு பிடிக்கும்? மூன்று சொட்டு.

"இன்னும்!" என்றான் கெளுத்தி.

"இரு, வர்றேன்டா." மைனா ஏழு தரம் போய் வந்தது. எட்டாவது தரம் உடும்பு பார்த்துவிட்டது.

"மைனாம்மா! நீ குமாஸ்தா! நீயே விதியை மீறினா நான்தானே மாட்டுவேன்!"

"மாட்டுங்க!" என்றது மைனா. ஆனால் அதற்குப் பிறகு உடும்பு அதைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டது.

முள்ளம்பன்றிக்கும் மனசு கேட்கவில்லை. அன்று மாலை அயிரையிடம் வந்து குனிந்து சொன்னது:

"வேலியோரம் புதர் பக்கத்துல ஒரு வளை இருக்கு. நான் தோண்டினதுதான். நான் இந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன். நீங்க மூணு பேரும் நுழைஞ்சுடுங்க."

அயிரை புதர் பக்கம் ஒரு தரம் பார்த்தது. பிறகு சொன்னது:

"ஒரு தரம் அப்படிச் செஞ்சிருக்கேன் அண்ணே, வேற ஒரு குளத்துல. ஒளிஞ்சு நுழைஞ்சா ஒளிஞ்சேதான் வாழணும். யாராவது தும்மினாக்கூடத் தண்ணிக்குள்ள போயிடணும். கடைசியில பிடிச்சு விரட்டினாங்க. இவங்க அப்பாவுக்கு அப்பத்தான் அடி பட்டுச்சு. இந்தப் பிள்ளைங்க தலையைத் தூக்கிட்டு நீந்தணும். தடம் நாளைக்குக் காய்ஞ்சுடும். ஒரு நாள்தானே?"

நான்காம் நாள் காலை. வில்லைகள் கல் மாதிரி காய்ந்திருந்தன. உடும்பு வந்து, ஒரு பாறை மேல் ஏறி நின்றது.

"தாய் முதல்ல வைக்கட்டும்!"

அயிரை காலைத் தடத்தில் வைத்தது. உள்ளே போகவில்லை. விரல் நுனிகள் விளிம்பில் இடித்தன.

"அழுத்தாதே! அழுத்தாதே!" என்றது உடும்பு. "அடுத்தது!"

கெண்டையின் கால் உட்காரவில்லை. கெளுத்தியின் கால், இருப்பதிலேயே சின்னக் கால், அதுவும் உட்காரவில்லை.

"பொருந்தலையே," என்றது உடும்பு.

"என் கால்தான் ஐயா!" அயிரை காலைத் தூக்கிக் காட்டியது. "நீங்க பார்க்கத்தானே வெச்சேன்! எல்லாரும் பார்த்தாங்களே!"

"நான் பார்த்தேன். விதி பார்க்கலையே. தடம் பொருந்தலைன்னா பொருந்தலைதான். நான் முடியாதுன்னு சொல்லலை. மறுபடி ஒரு தரம் வெச்சுப் பாருங்க. மூணே நாள்."

"எந்தத் தண்ணியில ஐயா?"

உடும்பு கேட்காத மாதிரித் திரும்பிக்கொண்டது. பாறையிலிருந்து இறங்கி, வேகமாக வாசலுக்குள் போய்விட்டது. மைனா பின்னாலேயே பறந்து போனது.

"மந்திரி, கொஞ்சம் நில்லுங்க. களிமண் காய்ஞ்சாச் சுருங்கும். ஏரிக்கரையில பொறந்த நண்டுக்குக்கூட இது தெரியும்."

"அப்படியெல்லாம் சுருங்காது."

"அங்கே உங்க மாதிரி வில்லை இருக்கு. கொஞ்சம் காலை வெச்சுத்தான் பாருங்களேன்!"

"எனக்கு வேலை இருக்கு," என்றது உடும்பு.

ஆனால் மைனா போன பிறகு, யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, மரத்தடியில் இருந்த தன் தடத்தில் தன் காலை வைத்தது.

உட்காரவில்லை.

திருப்பி வைத்தது. நகத்தை மடக்கி வைத்தது. உட்காரவில்லை. தன் தடம், தன் கால், தானே வைத்தது! விதி தப்பு. நீர்நாய் தப்பு செய்யவில்லை. தப்பு செய்தது தான்தான். இதைச் சொன்னால் என்ன ஆகும்? ராஜா எல்லோர் முன்னாலும் நிற்க வைக்கும். கரடியைக் கேட்ட மாதிரியே கேட்கும். கரடி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடந்து போனது உடும்பின் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

அது அந்த வில்லையை எடுத்து, ஒரு பாறை இடுக்கில் ஒளித்து வைத்தது.

ஐந்தாம் நாள் அது ராஜாவைப் பார்க்கப் போனது. போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டது. 'ராஜா, விதியில் ஒரு சின்னக் குறை. ராஜா, மண் சுருங்குகிறது. ராஜா, நான் மாற்றிக்கொள்ளட்டுமா?'

ராஜா ஏரிச் சேற்றில் கழுத்து வரை அமிழ்ந்து கிடந்தது. முதுகில் ஒரு கொக்கு நின்று உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன மந்திரி, இவ்வளவு தூரம்?"

"சும்மாத்தான் ராஜா."

"வாசல்ல யாரோ நீர்நாய் வந்திருக்காமே?"

உடும்பின் நாக்கு வெளியே வந்தது. "ஆமாம் ராஜா. விதிப்படி பார்த்துட்டிருக்கேன்."

"பிரச்சினை ஏதாவது உண்டா?"

கேட்டே விட்டது! இதைவிட நல்ல சமயம் யாருக்குக் கிடைக்கும்? உடும்பு வாயைத் திறந்தது. ராஜா கொம்பை ஒரு பக்கம் ஆட்டியது. ஈ ஓட்டத்தான் ஆட்டியது. உடும்பு அதைப் பார்த்தது.

"எல்லாம் சரியா இருக்கு ராஜா!" என்றது.

"அதுதான் வேணும்," என்றது ராஜா. கண்ணை மூடிக்கொண்டது.

திரும்பி வந்த உடும்பு வாசலுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டி, "மேலே பேசியிருக்கேன். நாளைக்குச் சொல்றேன்," என்றது. மேலே என்ன பேசியது என்று அயிரை கேட்கவில்லை. நல்லவேளை.

ஆறாம் நாள் காலை "நாளைக்கு" என்றது. குழியில் இப்போது தண்ணீர் இல்லை. அடியில் பச்சையாக ஒரு பாசிதான். கெண்டை அதை நக்கினாள். கெளுத்தி நிழலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. விளையாடக் கூப்பிட்டாலும் வாலை மட்டும் ஆட்டினான்.

மைனா அன்றைக்கு மந்திரியின் முகத்துக்கு நேராகப் போய் உட்கார்ந்தது.

"நான் வேலையை விடுறேன்."

"ஏன் மைனாம்மா? இந்த நேரத்துலயா!"

"நாலு மந்திரியைப் பார்த்தேன். ஒருத்தர் கோபக்காரர், ஒருத்தர் சோம்பேறி, ஒருத்தர் ஏமாளி. நீங்கதான் முதல் ஆளு, எல்லாம் தெரிஞ்சும் ஒண்ணுமே செய்யாதவரு. பாறை இடுக்குல என்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பறவைக்கு மேலேயிருந்து தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

உடும்பு பாறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மைனா ஏரிக்குப் போய் அலகை நனைத்துக்கொண்டு வேலிக்கு மேலே பறந்தது. இனி அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் மூன்று சொட்டு மூன்று சொட்டுதான்.

சாயங்காலம் உடும்பு வாசலுக்கு வந்தது. சும்மா வந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் வந்தது. கெளுத்தி தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"மந்திரி மாமா."

"என்னடா?"

"நாளைக்குன்னா எத்தனை தூக்கம்?"

உடும்பு சட்டென்று திரும்பியது. உள்ளே போனது. விடுவிடுவென்று போனது. பாறை இடுக்கிலிருந்து வில்லையை எடுத்துத் தரையில் போட்டு உடைத்தது. 'போதும். விடுறேன். விதி தப்புன்னு நானே சொல்றேன். ராஜா திட்டினால் திட்டட்டும்!' நெஞ்சில் இருந்த பாரம் அப்போதே இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது, இப்படி மூச்சு விட்டு.

முடிவு எடுத்தாயிற்று. வாசல் இருபது அடி தூரம்.

ஆனால் பொழுது சாய்ந்திருந்தது. அனுமதி என்றால் முறையாக ஓலையில் எழுத வேண்டும், குமாஸ்தா இல்லை, தானே எழுத வேண்டும். வெளிச்சத்தில் எழுதினால் பிழை வராது. பிழை வந்தால் அதற்கும் கேள்வி வரும். 'இவ்வளவு நாள் பொறுத்தவங்க ஒரு ராத்திரி பொறுக்க மாட்டாங்களா? காலையில முதல் வேலையா இதுதான்,' என்று உடும்பு படுத்துக்கொண்டது. அன்றைக்கு அதற்கு நல்ல தூக்கம் வந்தது.

காலையில் எழுந்து, பதமான பனை ஓலையாகப் பார்த்து எடுத்து, அழகாக எழுதியது. 'அயிரை, கெண்டை, கெளுத்தி. மூவரும் இந்த ஏரியில் இன்று முதல் குடி.' ஒரு பிழை இல்லை. வாயில் கவ்விக்கொண்டு வாசலுக்கு ஓடியது.

வாசலுக்கு வெளியே யாரும் இல்லை. குழியில் பாசியும் இல்லை, நக்கியே தீர்த்திருந்தன.

"எங்கே?" என்றது உடும்பு.

முள்ளம்பன்றி அதன் முகத்தைப் பார்க்கவில்லை. "விடியக் கருக்கல்ல கிளம்பிட்டாங்க. மேற்கே. மடுவுக்கு. அந்தம்மா சின்னவனை வாயில தூக்கிட்டுப் போச்சு. மைனாவும் மேலேயே பறந்து போகுது."

"நீ ஏன் தடுக்கலை? நான் அனுமதி எழுதியிருக்கேனே!"

"எழுதினது எனக்கு எப்படித் தெரியும்? 'இன்னைக்கு ஏதாவது சொல்வாரா அண்ணே'ன்னு கேட்டுச்சு. 'நாளைக்குன்னு சொல்வாரு'ன்னு சொன்னேன். ரெண்டு நாளா நீங்க சொன்னதைத்தானே நான் சொல்ல முடியும்?"

உடும்பு ஓலையைக் கவ்விக்கொண்டு ஓடியது. பதவிக்கு வந்த பிறகு அது வேலிக்கு வெளியே கால் வைத்தது அதுதான் முதல் தரம். தரை சுட்டது. முதல் மேட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது மேட்டில் ஒரு நிழல்கூட இல்லை. இந்த மண்ணில்தான் அந்தச் சின்னப் பாதங்கள் போயிருக்கின்றன என்று நினைக்க நினைக்க, அதன் கால் இன்னும் வேகமெடுத்தது. நீர்நாய்களின் தடம் தூசியில் தெரிந்தது. ஒரு பெரிய தடம், ஒரு சின்னத் தடம். இன்னொரு சின்னத் தடம் இல்லை. 'தூக்கிட்டுத்தானே போச்சு, அதனாலதான்,' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. சொல்லிக்கொண்டே ஓடியது.

வெயில் சாயும் நேரத்தில், மூன்றாவது மேட்டின் உச்சியில், ஒரு காய்ந்த இலந்தை மரத்தடியில், தரை புதிதாகத் தோண்டி மூடப்பட்டிருந்தது. மேலே நாலைந்து கூழாங்கல். மரத்தில் மைனா உட்கார்ந்திருந்தது. அது அந்தக் கூழாங்கற்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

உடும்பு அந்தக் கற்களைச் சுற்றி நடந்தது. கீழே இறங்கியது.

மடுவில் தண்ணீர் இருந்தது. முள்ளம்பன்றி சொன்னது சரிதான், ஆழமான மடு. கரையோரத்தில் அயிரை கழுத்து வரை தண்ணீரில் கிடந்தது. பக்கத்தில் கெண்டை அம்மாவின் முதுகில் தலை வைத்திருந்தாள். இரண்டும் நீந்தவில்லை.

உடும்பு ஓலையைக் கீழே வைத்தது. மூச்சு வாங்கியது.

"அனுமதி கொண்டு வந்திருக்கேன்," என்றது.

அயிரை திரும்பிப் பார்த்தது. "எத்தனை பேருக்கு?"

உடும்பு வாயைத் திறந்தது. ஓலையில் எழுதியிருந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

"மூணு பேருக்கு."

"நாங்க ரெண்டு பேர்தான்."

கெண்டை முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். உடும்பு ஓர் அடி முன்னால் வந்தது.

"நான் வேண்டாம்னு சொல்லவே இல்லையேம்மா! ஒரு தரம்கூட முடியாதுன்னு சொல்லலையே!"

"சொல்லியிருக்கலாமே மந்திரி!" என்றது அயிரை. அது கத்தவில்லை. கத்தியிருந்தால் உடும்புக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "முதல் நாளே கேட்டேனே! 'முடியாது, போ'ன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே நடந்திருப்போம். அன்னைக்குக் குழியில தண்ணி இருந்துச்சு. மூணு பேருக்கும் கால்ல தெம்பு இருந்துச்சு."

அயிரை மகளை ஒட்டி அணைத்துக்கொண்டு, மடுவின் ஆழத்துக்குள் இறங்கிவிட்டது. தண்ணீர் மூடிக்கொண்டது. உடும்பு கரையிலேயே நின்றது.

முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் தலை தப்பினால் போதும் என்று நாள் கடத்துகிறவர், முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்கிறவரைவிடப் பெரிய கெடுதல் செய்கிறார்.